பூண்டெண்ணெய்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பலகையும் மாட்டியாகிவிட்டது. கொழுந்துக்குப் போகிற தாய்மார் மட்டும் இன்னும் "காம்பராவுல விட்டுட்டு வாறேன்" என்றுதான் சொல்வார்கள். இலங்கையின் பொகவந்தலாவைப் பக்கம் அப்படியொரு காம்பராவில் 11 வருடமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன்.

2022இல் நாலு வயதுப் பிள்ளை ஒருத்தி வந்து சேர்ந்தாள். வாயில் நாலைந்து சொல்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் சோற்றுத் தட்டு 'டங்'கென்று விழுந்தால் முதலில் திரும்புவது அவள்தான். "கேக்க வேண்டியது மட்டும் நல்லா கேக்கும்" என்று ஆயாவும் நானும் சிரித்திருக்கிறோம். குறிப்புப் புத்தகத்தில் 'பிடிவாதம்' என்று வேறு எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

ஒருநாள் தலை வாரிவிடும்போது பூண்டு வாசம் அடித்தது. கூடவே வேறொரு நாற்றம். இடது காதில் பஞ்சு, எடுத்தால் சீழ். "கைப்புள்ளயில இருந்தே ஒழுகுதுங்க டீச்சர், பூண்டெண்ணெய் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவளுடைய அம்மாயி, தாயின் அம்மா. தாய்க்குக் கொழும்பில் வீட்டு வேலை. பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். தடுப்பூசியெல்லாம் தேதியோடு இருந்தது, நிறைக்கோடும் ஒழுங்காக ஏறியிருந்தது. சத்தத்துக்கு எப்போது திரும்பினாள், முதல் சொல் எப்போது வந்தது என்கிற இடம் மட்டும் வெறுமை.

செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்தால் சத்தம் அடியோடு போய்விடுவதில்லை, தணிந்துவிடும். தட்டு விழுவது கேட்கும், 'இங்க வா' கேட்காது. பேசப் பழக வேண்டிய வயதெல்லாம் அவளுக்கு அரைகுறைச் சத்தத்திலேயே கழிந்திருக்கிறது.

கிளினிக்குக்கு நாலு தடவை பஸ் ஏறினோம். கூட வந்த சின்னம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. அப்போது அது 1000 ரூபாய். ஓரிடத்தில் எல்லாவற்றையும் சிங்களத்திலேயே சொன்னார்கள். சின்னம்மா நன்றாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "என்னா சொன்னாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

காம்பராவில் நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சமாவது கேட்கிற அவளுடைய வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தேன். தோளைத் தொட்டு, அவள் என்னைப் பார்த்த பிறகுதான் பேச்சு. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் என் முகம் இருட்டாகி வாயசைவு தெரியாது என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. 'தண்ணி', 'போதும்', 'வா' எல்லாவற்றுக்கும் கைச்சாடை வைத்துக்கொண்டோம். ஜூன் மழை தகரத்தில் கொட்டத் தொடங்கினால் எங்கள் காம்பராவில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளும் கையாலேயே தண்ணி கேட்கத் தொடங்கினார்கள். அவள் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டு கோப்பையை நீட்டுவாள்.

முதலாம் ஆண்டுக்குக் கொண்டுபோனபோது ஒரு பள்ளிக்கூடத்தில் "பேச்சு வந்த பொறகு கூட்டிட்டு வாங்க" என்றார்கள். 5 முதல் 16 வயதுவரை கட்டாயக் கல்வி என்று சட்டம் இருக்கிற நாட்டில்! சரி, இன்னொரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. முன்வரிசைதான்.

போன மாதம் தடிமன் பிடித்து அவளுக்கு மறுபடி காது ஒழுகியிருக்கிறது. லயத்து வாசலில் அம்மாயி என்னை மறித்து, முந்தானைக்குள் இருந்து பூண்டெண்ணெய்க் குப்பியை எடுத்துக் காட்டினார்.

"ரெண்டே ரெண்டு சொட்டு டீச்சர்?"