கதவுதான் முதல் தட்டு

2024 ஜூன் 3

பதினைந்து ஆண்டுகளாக ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். இன்று முதல் முறையாக ஒரு படத்துக்குப் பின்னணி இசை அமைக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். 18 நிமிடக் குறும்படம். மகன் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, தனியாக இருக்கும் தந்தையின் ஒரு பகல்பொழுது. வசனம் மிகக் குறைவு. இயக்குநர் எங்கள் கச்சேரியைக் கேட்டவர். "மெட்டு வேண்டாம், தாளம் மட்டும் போதும். அதனால்தான் உங்களிடம் வந்தேன்" என்றார்.

சரி என்று சொன்ன நொடியே ஸ்டூவர்ட் கோப்லண்ட் நினைவுக்கு வந்தார். 'தி போலீஸ்' ராக் குழுவின் டிரம்மர். பதினாறு வயதில் அவருடைய ஹை-ஹாட் (இரட்டைச் சிம்பல்) வாசிப்பைக் கேட்டுத்தான் நான் குச்சியைக் கையில் எடுத்தேன். அவர் பின்னாளில் படங்களுக்கு இசையமைத்தார் என்பது அப்போதே தெரியும். ஆனால் அதை ஒரு தனிக்கதையாக ஒதுக்கி வைத்திருந்தேன். இந்த வேலை முடியும்வரை அந்தக் கதையை உடன் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

2024 ஜூன் 5

கோப்லண்ட் முதன்முதலாக இசையமைத்த 'ரம்பிள் ஃபிஷ்' படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தேன். இம்முறை காதுக்காக.

1983ஆம் ஆண்டை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஜூன் மாதம் 'தி போலீஸ்' குழுவின் 'சிங்க்ரோனிசிட்டி' இசைத்தொகுப்பு வெளியாகிறது. ஆகஸ்ட் 18 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 70,000 பேர் முன்னிலையில் 'தி போலீஸ்' வாசிக்கிறது. அக்டோபரில் இந்தப் படம் திரைக்கு வருகிறது. ஒரு ராக் குழு ஏறக்கூடிய உச்சியில் நின்ற மனிதர், அதே ஆண்டில், அதுவரை செய்திராத ஒரு வேலையில் மாணவனாகவும் உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா இந்தப் படத்தின் இசையைத் தானே அமைக்க நினைத்தார். நேரம் கரைந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வு வேண்டும், அதற்குத் தாளவாத்தியங்களே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். படம் முழுவதும் கடிகாரங்கள். கோப்லண்டை அழைத்துச் சில தாளங்களை வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்ட பிறகு பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்துவிட்டார். கோப்லண்ட் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். படம் எடுக்கப்பட்ட அமெரிக்காவின் டல்ஸா நகரத்தின் தெருச் சத்தங்களைப் பதிவு செய்து, இசைக்குள் கலந்தார். 'மியூசிங்க்' என்ற அப்போதைய புதிய கருவியைப் பயன்படுத்தினார்: திரையின் மேற்பகுதியில் காட்சி, நடுவில் வசனம், கீழே இசைக்குறிப்பின் கோடுகள். எந்தச் சட்டகத்தில் (ஃபிரேமில்) எந்தத் தட்டு விழுகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. முதல் படத்துக்கே கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது.

இன்று கேட்கும்போது எனக்குப் பட்டது இதுதான்: அந்தக் கறுப்பு வெள்ளைத் தெருக்களில் எது இசை, எது தெரு என்று பிரிக்கவே முடியவில்லை. அவர் படத்தின் மேல் வாசிக்கவில்லை, படத்துக்குள் போய் வாசித்திருக்கிறார்.

2024 ஜூன் 6

காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை பதிவு. 18 நிமிடத்தில் 14 நிமிடத்துக்கு டிரம்ஸ். டாம் என்ற டிரம்களுக்கு மெத்தை நுனிக் குச்சி, சிம்பல் தகட்டில் வில், ஸ்நேர் என்ற டிரம்மில் பிரஷ். எனக்குத் தெரிந்த எல்லாம் உள்ளே இருக்கிறது. மகிழ்ச்சியாகத் தூங்கப் போகிறேன்.

2024 ஜூன் 9

இயக்குநர் கேட்டார். கேட்டு முடித்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீங்கள் வாசிப்பது நன்றாகக் கேட்கிறது. அந்தத் தந்தை மூச்சு விடுவது கேட்கவில்லை."

அவர் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து மீண்டும் போட்டுப் பார்த்தேன். தந்தை சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைக்கிறார், அங்கே நான். நாற்காலியை இழுக்கிறார், அங்கேயும் நான். கச்சேரியில் ஒரு நொடி நின்றாலும் பாடகர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பயத்திலேயே பதினைந்து ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்தப் பயம் என் கைகளில் இருக்கிறது. 14 நிமிடங்களையும் அழித்தேன். வலித்தது.

2024 ஜூன் 11

விட்ட இடத்தைப் பிடிக்க, கோப்லண்டின் இளமைக் காலத்துக்குப் போனேன்.

அவர் 1952இல் அமெரிக்காவில் பிறந்தார். தந்தை அமெரிக்க உளவுத்துறை அதிகாரி. கைக்குழந்தையாகவே கெய்ரோவுக்கு, பிறகு பெய்ரூட்டுக்கு. டிரம்ஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கியது பெய்ரூட்டில், 12 வயதில். அதாவது, ராக் இசையின் நேரான நான்கு தட்டுகள் அவர் கையில் படிவதற்கு முன்பே அரபு இசையின் தாளம் காதில் படிந்துவிட்டது. பிறகு இங்கிலாந்து, 'கர்வ்டு ஏர்' குழு, 1977இல் 'தி போலீஸ்'. அப்போது லண்டனில் பங்க் இசையும் ஜமைக்காவின் ரெகேயும் ஒரே தெருவில் ஒலித்துக்கொண்டிருந்தன.

ரெகேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு வாசிப்பு உண்டு. பாப் மார்லியின் குழுவில் வாசித்த கார்ல்டன் பாரெட்டின் கைகளில் உலகம் முழுவதும் பரவியது. நான்கு தட்டுகளில் முதல் தட்டு காலி. காலால் மிதிக்கும் பேஸ் டிரம்மும் ஸ்நேரும் மூன்றாவதில்தான் சேர்ந்து விழும். ராக் டிரம்மருக்கு இது காலுக்கடியில் தரையை உருவுவது போன்றது. முதல் தட்டைக் காலால் மிதிப்பதுதானே எங்கள் பிழைப்பு. ஆனால் கேட்பவர் அந்த முதல் தட்டைத் தானே மனத்துக்குள் போட்டுக்கொள்கிறார். நம் இசையில் தாளம் தொடங்கும் சமத்தைத் தாண்டி எடுப்பு வரும் பாட்டில், விரல் தொடையில் விழும்போது குரல் இன்னும் வந்திருக்காதே, அந்த ஒரு கண இடைவெளி போல.

1979இல் வந்த 'ரெகாட்டா தி பிளாங்க்' தொகுப்பை இன்று முழுக்க இந்தக் காதோடு கேட்டேன். பேஸ் டிரம் எங்கே வரும் என்று எதிர்பார்க்கிறேனோ அங்கே வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் ஓரங்களில் ஹை-ஹாட் பேசுகிறது. கொப்போலா ஒரு டிரம்மரைத் தேடிப் போனார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், வாசிக்காமல் விடத் தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார் என்பேன்.

2024 ஜூன் 16

இன்று கணக்கு. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லித் தந்திருக்கலாம்.

படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது, நிமிடத்துக்கு 1440. அதைத் தாளத்தின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை சட்டகம் என்று கிடைக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 12 சட்டகம். 96 என்றால் 15. 90 என்றால் 16. முழு எண்ணாக வரும் வேகங்களைத் தேர்ந்தெடுத்தால் படத்தொகுப்பாளரோடு பேசுவது எளிது.

என் சிக்கல் கதவுக் காட்சி. இசை தொடங்கி 37ஆவது நொடியில் தந்தை கதவைச் சாத்துகிறார். 120 வேகத்தில் அதற்குள் 74 தட்டுகள் ஓடிவிடும். நான்கு நான்காக எண்ணினால் 18 'பார்' (தட்டுகளின் ஒரு சுற்று), மிச்சம் இரண்டு. எனவே கதவு சாத்தப்படும் கணம் பாரின் நடுவில், மூன்றாவது தட்டில் விழுகிறது. சப்பென்று இருக்கிறது. முதல் தட்டில் விழ வேண்டும் என்றால் வேகத்தை 116.76 ஆக்கலாம். ஆக்கிப் பார்த்தேன். சரியாக விழுந்தது, ஆனால் அவருடைய நடைக்கு இசை பின்தங்கியது. அவர் 120இல்தான் நடக்கிறார். காலடியை எண்ணிப் பார்த்துத்தானே அந்த வேகத்தை எடுத்தேன்.

மாலையில்தான் புலப்பட்டது. வேகத்தைத் தொடாமல், இடையில் இரண்டே தட்டு உள்ள ஒரு பாரைச் செருகினால் போதும். 18 நான்குகள், ஒரு இரண்டு, பிறகு கதவு. அவர் தயங்கி நிற்கும் இடத்திலேயே அந்த இரண்டை வைத்தேன். தயக்கத்துக்கே ஒரு தாளம் கிடைத்தது போல இருந்தது.

2024 ஜூன் 17

திரைக்குப் போன டிரம்மர் கோப்லண்ட் மட்டும் அல்ல. பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1964இல் அக்குழுவின் முதல் படத்தில் நதிக்கரையில் தனியாக நடக்கும் காட்சியால் பாராட்டப்பட்டார். அதே படத்தின் கச்சேரிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சிறுவர்களில் ஒருவர், பின்னாளில் டிரம்மரான பில் காலின்ஸ். அவர் 1988இல் 'பஸ்டர்' படத்தில் நாயகன். டிஸ்னியின் 1999ஆம் ஆண்டு 'டார்ஸான்' பாடலுக்காக ஆஸ்கார் வாங்கினார். இருவருக்கும் திரை முகத்தைக் கொடுத்தது. எனக்கு வேண்டியது அதுவல்ல என்பதால் இங்கே நிறுத்துகிறேன்.

2024 ஜூன் 20

கோப்லண்ட் 'தி போலீஸ்' வளர்ந்த ஆண்டுகளில் 'சூப்பர் 8' என்ற ஒரு சிறு பிலிம் கேமராவை எப்போதும் கையில் வைத்திருந்தார். அந்தச் சுருள்களைத் தொகுத்து 'எவ்ரிஒன் ஸ்டேர்ஸ்' என்ற ஆவணப்படமாக 2006இல் சன்டான்ஸ் விழாவில் திரையிட்டார். வேன், விடுதி அறை, மேடைக்குப் பின்புறம், ரசிகர்கள் கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்ப்பது. பார்க்கப் பார்க்க ஒன்று உறைத்தது. குழுவில் டிரம்மர் மட்டுமே மற்றவர்களின் முதுகைப் பார்த்தபடி வாழ்கிறார். யார் தோள் இறுகுகிறது, யார் மூச்சு வாங்குகிறார், யார் அடுத்த வரியை மறந்துவிட்டார் என்பது முதலில் எங்களுக்குத்தான் தெரியும். கேமரா வைக்கும் இடமும் அதுதான்.

நம் படத்திலும் தந்தையைப் பாதி நேரம் முதுகுப் பக்கமிருந்தே காட்டுகிறார்கள். இன்று அவர் தோளை மட்டும் பார்த்து வாசித்தேன். மூன்று நிமிடத்தில் பதினோரு தட்டு. இயக்குநர் ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை.

2024 ஜூன் 24

கோப்லண்டுக்கு 'ரம்பிள் ஃபிஷ்' ஒரு விடுமுறை வேலையாக முடிந்துவிடவில்லை. 1985இல் 'தி ஈக்வலைசர்' தொலைக்காட்சித் தொடர், 1987இல் ஆலிவர் ஸ்டோனின் 'வால் ஸ்ட்ரீட்', அடுத்த ஆண்டு 'டாக் ரேடியோ', 1998இல் 'ஸ்பைரோ' வீடியோ விளையாட்டு. இடையில் பாலே, ஆப்பெரா. 1925இல் வந்த 'பென்-ஹர்' மௌனப்படத்துக்கு இசையெழுதி, படம் திரையில் ஓட, ஆர்கெஸ்ட்ராவோடு மேடையில் தானே வாசித்தார். பெங்களூரு இசையமைப்பாளர் ரிக்கி கேஜோடு சேர்ந்து செய்த 'டிவைன் டைட்ஸ்' 2022இல் கிராமி வென்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இன்னொருவரின் கதைக்கு உழைத்த மனிதர்.

2007இல் 'தி போலீஸ்' மீண்டும் கூடியபோது, சுற்றுப்பயணத்தின் தொடக்கத்திலேயே வான்கூவரில் ஒரு கச்சேரி சறுக்கியது. ஒருவருக்கொருவர் அரை பார் விலகிப் போனதைக்கூட மறைக்காமல் கோப்லண்டே தன் இணையதளத்தில் எழுதினார். அதை இன்று படித்தபோது அவர் மேல் மதிப்பு கூடியது. தவறை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல, வாசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியில் நின்று பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண்ணைப் படங்கள்தான் கூர்மையாக்கியிருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

2024 ஜூன் 29

ஒலிக்கலவை. எட்டு மணி நேரம்.

கதவுக் காட்சிக்கு வந்தோம். இரண்டு தட்டு பார் முடிந்து, முதல் தட்டில் பேஸ் டிரம்மும் கதவும் ஒன்றாக விழுந்தன. கணக்கு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அந்த இடத்தில் நானும் கதவும் போட்டி போட்டோம். ஒலிக்கலவையாளரிடம் பேஸ் டிரம்மை மட்டும் நிறுத்தச் சொன்னேன். மீண்டும் ஓடியது. தயக்கத்தின் இரண்டு தட்டுகள், பிறகு கதவு. கதவே முதல் தட்டு. அதன் பிறகு மூன்றாவதில் ஸ்நேர் மெதுவாக வந்தது.

அறையில் யாரும் பேசவில்லை. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினைந்து ஆண்டுகளில் நான் வாசித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தட்டு, நான் வாசிக்காத அந்த ஒன்று.

2024 ஜூலை 1

படத்தொகுப்பாளரிடமிருந்து தகவல். கதவுக் காட்சியில், தந்தை தயங்கி நிற்கும் இடத்தில், அரை நொடி நீளம் அதிகம் என்று வெட்டிவிட்டார்களாம். 12 சட்டகம்.

முதலில் கோபம் வந்தது. பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தேன். வெட்டியது சரிதான், தயக்கம் இப்போது இன்னும் உண்மையாக இருக்கிறது. 12 சட்டகம் என்றால் சரியாக ஒரு தட்டு. 74 இனி 73. மிச்சமிருக்கும் ஒற்றைத் தட்டை முந்தைய பாரோடு ஒட்டவேண்டும்: 17 நான்குகள், ஒரு ஐந்து, கதவு.

பதிவு நாளைக் காலை ஒன்பது மணிக்கு. இரவு உணவு முடிந்து, தொடையில் தட்டியபடி ஐந்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.