சாக்கடை ஏறினால் முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் தீவில் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல். தங்கச்சிமடத்தில் எங்கள் தெருத் தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்குள் கூத்து தொடங்கியது. குளியலறை ஜல்லடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வருகிறது, கக்கூஸில் ஊற்றினால் இறங்கவில்லை, சமையலறைத் தொட்டியும் நிற்கிறது.

மாமா ஆசிட் பாட்டிலோடு வந்து நின்றார். வாங்கி ஓரமாக வைத்துவிட்டேன். தண்ணீர் தேங்கிய குழாயில் ஊற்றினால் அது அடைப்பு வரை போகாது, பிறகு குழாய்க்குள் கையை விடுகிறவருக்குத்தான் புண், அதோடு அம்மா ஏற்கெனவே அங்கே பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும்.

பிளம்பர் கிடைப்பது அந்த வாரம் குதிரைக்கொம்பு. ஒருவழியாக வந்த பாம்பன் அண்ணன் குழாய் பக்கமே போகாமல் நேரே கிணற்றுக்குப் போனார். எப்போதும் கயிறு போட்டு இறைக்கிற தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி நின்றது. "தம்பி, கக்கூஸ் லைன்ல அடைப்பு இல்ல. பூமி குடிக்க மாட்டேங்குது" என்றார். நிலத்தடி நீர் அவ்வளவு மேலே வந்துவிட்டால் செப்டிக் டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் விடுகிற உறிஞ்சுகுழியில் இறங்க இடமில்லை, செப்டிக் டேங்க் நிரம்பும், அடுத்து வீட்டுக்குள்தான்.

அதற்கப்புறம் குழாய் வழியில் இருக்கும் சேம்பர் தொட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். கக்கூஸ் லைனில் கடைசி வரை எல்லாமே தளும்பி நின்றன. சமையலறை லைன் தனி, அதில் முதல் சேம்பர் நிரம்பியிருக்க அடுத்தது காலியாக இருந்தது. அப்படியென்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். காலியான பக்கத்திலிருந்து மூங்கில் பிளாச்சைச் செலுத்தி ஆட்டினார், உடைந்ததும் தேங்கிய தண்ணீரே மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று. நேர் எதிரே நிற்காதீர்கள், எனக்கு முகத்தில் கொஞ்சம் கிடைத்தது. வந்ததெல்லாம் கடல் மணல், உறைந்த எண்ணெய், மீன் செதில், தென்னை வேர்.

கக்கூஸ் லைனுக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. லாரியைக் கூப்பிட்டு டேங்க்கை உறிஞ்சிவிடலாம் என்றேன். அண்ணன் தடுத்தார். ஈரம் நிறைந்த மண்ணுக்குள் டேங்க்கைக் காலி செய்தால் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் சுவர் விரிசல் விடும், சில டேங்க் அப்படியே மேலே கிளம்பும், கசிவு இருந்தால் சீக்கிரமே திரும்ப நிரம்பிவிடும், காசும் போகும். அதனால் ஜல்லடை மேல் மணல் நிரப்பிய பையை வைத்து அழுத்திவிட்டு, மேட்டுத் தெருவில் இருக்கும் சித்தி வீட்டை நம்பிக் காலம் தள்ளினோம். கிணறு இறங்க இறங்கக் கக்கூஸும் தானாக இறங்கியது. லாரி அதற்குப் பிறகுதான் வந்தது. நகர்ப்பகுதி ஆட்கள் லாரிக்கு 14420 உதவி எண்ணில் கேட்கலாம். எவ்வளவு அவசரமென்றாலும் டேங்க்குக்குள் ஆளை இறக்காதீர்கள், விஷவாயு ஆளைக் கொல்லும், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.

தெரு வாய்க்கால் கடலைத் தொடும் இடம் மணல் மூடிக் கிடந்தது. வாடைக் காலத்தில் வடக்குக் கடல் இப்படித்தான் செய்யும், வருஷா வருஷம் தெரிந்த விஷயம், முன்கூட்டியே தோண்டி வைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் ஏனோ தெரியாது. தெரு இளவட்டங்கள் மண்வெட்டியோடு போய், கடல் வற்றிய நேரம் பார்த்து வெட்டிவிட்டார்கள்.

கிணற்றுத் தண்ணீரை உடனே குடிக்கவில்லை. 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு, வாளியில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். நாங்கள் குளிக்க, துவைக்க மட்டுமே எடுத்தோம், குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

இப்போது கக்கூஸ் லைனில் ஒருவழி வால்வு போட்டிருக்கிறோம். வெளித் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் அது மூடியிருக்கும்போது நம் தண்ணீரும் வெளியே போகாது, அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறை திறந்து மணலைக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் வால்வுக்குள் இருக்கும் மடல் சரியாக மூடாது.