வெரீனிகிங் தொடங்கி ஷார்ப்வில் வரை

நம் கல்லூரியில் எங்களுக்குக் குடியியல் படிப்பித்த ஆசிரியர், எந்த நாட்டு அரசியல் யாப்பைக் கையில் எடுத்தாலும் அதை எழுதிய சபையில் யார் இருந்தார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பார். இலங்கையின் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை அவர் விளக்கிய விதம் இன்றும் என் மனத்தில் இருக்கிறது. ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ இல்லாத தடையை இன்னோர் இனத்தவர்மீதோ மதத்தவர்மீதோ பாராளுமன்றம் சுமத்தக்கூடாது என்னும் அந்தப் பிரிவு, 1972இல் குடியரசு யாப்பு வந்தபோது இல்லாமற் போயிற்று. ஒரு பிரிவை எழுதிவைத்தால் மட்டும் போதாது, அதைக் காப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதன் பொருளைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் தென்னாபிரிக்காவில்தான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

1980களில் நம் நாட்டு ஆசிரியர் பலர் வேலை தேடி ஆபிரிக்காவுக்கு வந்தனர். அவர்களில் ஒருவனாக நான் முதலில் கால் வைத்தது டிரான்ஸ்கை என்னும் நிலப்பகுதி. 1976இல் தனி நாடாக அறிவிக்கப்பட்டு, தனக்கென ஒரு யாப்பையும் வைத்திருந்த அப்பகுதியைத் தென்னாபிரிக்க அரசைத் தவிர உலகில் வேறெந்த நாடும் ஏற்கவில்லை. கறுப்பின மக்களின் குடியுரிமையைப் பறிப்பதற்காகவே எழுதப்பட்ட யாப்பும் உண்டு என்பதை அங்கே கண்டேன். பின்னர் டேர்பன் நகருக்கு மாறி, இந்தியர் செறிந்து வாழும் அதன் புறநகரான சட்ஸ்வேர்த்தில் குடியேறினேன். இந்நாட்டு யாப்பின் மூல ஆவணங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

தேடத் தொடங்கியதும் முதலில் எதிர்ப்பட்டது ஒரு சமாதான உடன்படிக்கை. பிரித்தானியருக்கும், ஒல்லாந்து வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களுக்கும் இடையே நடந்த போரை முடித்துவைக்க வெரீனிகிங் என்னும் ஊரில் பேசப்பட்டு, 1902 மே 31ஆம் திகதி பிரிட்டோரியாவில் கையொப்பமிடப்பட்ட அந்த உடன்படிக்கையின் எட்டாவது வாசகம், சுதேச மக்களுக்கு வாக்குரிமை வழங்குவது பற்றிய கேள்வி, தன்னாட்சி வழங்கப்படும் வரை தீர்மானிக்கப்படமாட்டாது என்கிறது. போரில் வென்றவரும் தோற்றவரும் ஒரே மேசையில் அமர்ந்து, அந்த மேசையில் இல்லாதவரின் உரிமையை ஒத்திவைத்தார்கள். அடுத்து வந்த தொண்ணூறு ஆண்டுக்கால வரலாறு இந்த ஒரே வாசகத்திலிருந்து புறப்பட்டது என்பதே என் துணிபு.

அதன் அடுத்த படி டேர்பனிலேயே எடுக்கப்பட்டது. நான்கு குடியேற்ற நாடுகளையும் ஒன்றிணைப்பதற்கான தேசிய மாநாடு 1908 ஒக்டோபரில் இந்நகரின் பழைய நகர மண்டபத்தில் தொடங்கியது. அக்கட்டடம் பின்னர் தலைமைத் தபாற் கந்தோராகியது. ஊருக்குக் கடிதமும் காசும் அனுப்புவதற்கு நான் வரிசையில் நின்ற அந்த உயர்ந்த கூரையின் கீழ்த்தான், ஒரு கறுப்பினத்தவரோ இந்தியரோ அழைக்கப்படாத அந்த மாநாடு கூடியது என்று அறிந்த பின்னர், அங்கே முத்திரை ஒட்டும்போதெல்லாம் அந்த நினைவு வந்துவிடும். மாநாட்டின் விளைவாகப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 1909ஆம் ஆண்டுத் தென்னாபிரிக்கச் சட்டம், ஐரோப்பிய வம்சாவழியினர் மட்டுமே பாராளுமன்ற உறுப்பினராகலாம் என்று விதித்தது. கேப் மாகாணத்தில் ஏற்கெனவே இருந்த வெள்ளையரல்லாதார் வாக்குரிமையை மட்டும் 35ஆம் பிரிவு காப்பாற்றியது. இரு சபைகளும் ஒன்றாக அமர்ந்து, மொத்த உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தாலன்றி அதை நீக்க முடியாது.

நம் ஆசிரியரின் 29ஆம் பிரிவுக்கு நேர்ந்தது இந்த 35ஆம் பிரிவுக்கும் நேர்ந்தது. 1936இல் ஆபிரிக்கரைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கத் தேவையான பெரும்பான்மை எளிதில் கிடைத்தது. கலப்பினத்தாரை நீக்க அது கிடைக்காததால், 1951இல் அரசு சாதாரணப் பெரும்பான்மையோடு ஒரு சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உடனே பாராளுமன்றத்தையே உயர் நீதிமன்றமாக்கும் இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதையும் நீதிமன்றம் செல்லாது என்றது. கடைசியில் 1955இல் பாராளுமன்றத்தின் மேலவையான செனற் சபையின் உறுப்பினர் தொகையை 48இலிருந்து 89ஆகக் கூட்டி, தமக்கு வேண்டியவர்களால் அதை நிரப்பி, 1956இல் மூன்றில் இரு பங்கைப் பெற்றுக்கொண்டார்கள். நீதியரசர்கள் நேர்மையோடு நின்றார்கள். ஆயினும் பெரும்பான்மையையே உற்பத்தி செய்துகொள்ள வல்ல அரசுக்கு முன்னால் ஒரு தனிப் பிரிவு எத்தனை நாள் நிற்கும்?

இவை உள்ளே இருந்தவர்கள் எழுதியவை. வெளியே நிறுத்தப்பட்டவர்களும் எழுதிக்கொண்டே இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். டேர்பன் அடங்கிய நேட்டாலில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டமூலத்துக்கு எதிராக 1894இல் காந்தி வரைந்து, ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கையொப்பமிட்டு இலண்டனுக்கு அனுப்பிய மனு அவற்றுள் ஒன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த கப்பலிலும் அதன்பின் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் தமிழராதலால், அந்த மனு காக்க முனைந்த உரிமையில் நம்மவர் பங்கு சிறிதன்று.

1943 டிசம்பரில் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ், மருத்துவர் சூமாவின் தலைமையில், தென்னாபிரிக்காவில் ஆபிரிக்கரின் கோரிக்கைகள் என்னும் ஆவணத்தை ஏற்றது. 1941இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம் உலகத்துக்கு வாக்களித்த சுதந்திரம் எங்களுக்கும் உண்டா என்று கேட்ட அந்த ஆவணத்தில் ஓர் உரிமைப் பட்டயமும் சேர்ந்திருந்தது. இன்றைய யாப்பில் உரிமைப் பட்டயமாக அமைந்த இரண்டாம் அத்தியாயத்தைப் படிப்பவர் அதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், வித்து எங்கே விழுந்தது என்று காணலாம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1947 மார்ச் 9ஆம் திகதி, சூமாவும் டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசின் தலைவரான மருத்துவர் டாடுவும் டேர்பனில் பிறந்த மருத்துவர் நாயக்கரும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, முழு வாக்குரிமைக்காக ஆபிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து உழைப்பது என்று தீர்மானித்தது. மூன்று மருத்துவர்கள் செய்ததால் மருத்துவர் உடன்படிக்கை என்றே அதற்குப் பெயர். நாயக்கர் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவர். அவருடைய பெயரை நம்மவர் இங்கே மரியாதையோடு சொல்வார்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அதைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

இவற்றுக்கெல்லாம் சிகரம் 1955 ஜூன் 25, 26ஆம் திகதிகளில் ஜோகன்னஸ்பேர்க் அருகே கிளிப்டவுனில் கூடிய மக்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட சுதந்திர சாசனம். தொண்டர்கள் வீடு வீடாகவும் ஆலை ஆலையாகவும் சென்று, நாங்கள் ஆள்வதானால் எப்படிப்பட்ட நாடு வேண்டும் என்று மக்களைக் கேட்டு, கிடைத்த கடதாசித் துண்டுகளில் எழுதி வாங்கிய கோரிக்கைகளிலிருந்து அது தொகுக்கப்பட்டது. மாநாட்டின் இரண்டாம் நாள் பொலிசார் சூழ்ந்து, ஆவணங்களைப் பறித்து, வந்திருந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். கூட்டமோ கலையாமல் தன் அலுவலைப் பார்த்தது. அடுத்த ஆண்டு 156 பேர் இராசத் துரோகக் குற்றச்சாட்டில் கைதானபோது அந்தச் சாசனமே அவர்களுக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. 1961 மார்ச்சில் வழக்கு முடிந்தபோது, அதுவரை கூண்டில் எஞ்சியிருந்த அனைவரும் விடுதலையானார்கள். தென்னாபிரிக்கா அதில் வாழும் அனைவருக்கும் உரியது என்று சாசனம் தொடங்குகிறது. 1996ஆம் ஆண்டு யாப்பின் முகவுரை அதே சொற்களை எடுத்து ஆள்கிறது. ஒரு தலைமுறை துரோகம் என்று வழக்காடிய வாசகம் மறு தலைமுறைக்கு நாட்டின் முகவுரையாவதை உலக வரலாற்றில் அடிக்கடி காண முடியாது.

1961ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரித்தானிய முடியாட்சி போயிற்று, மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது. 1983ஆம் ஆண்டு யாப்பு அப்படியன்று. அது நம்மவரை உள்ளே அழைத்தது. வெள்ளையருக்கு 178, கலப்பினத்தாருக்கு 85, இந்தியருக்கு 45 என மூன்று சபைகளை அமைத்து, எண்ணிக்கையில் மிகப் பெரிய ஆபிரிக்க மக்களுக்கு ஒன்றும் கொடாத யாப்பு அது. எங்கள் எதிர்வீட்டு ஆயா, குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பிரதேசச் சட்டத்தின் கீழ் டேர்பனின் கேட்டோ மேனரிலிருந்து குடும்பத்தோடு பெயர்க்கப்பட்டு சட்ஸ்வேர்த்துக்கு வந்தவர். 1984 ஓகஸ்டில் அந்தத் தேர்தல் நடந்தபோது வாக்குச் சாவடிப் பக்கமே போகவில்லை என்று என்னிடம் சொன்னார். "பக்கத்து வீட்டுக்காரனைத் திண்ணையில நிறுத்திட்டு எனக்கு மட்டும் இலை போட்டா நான் சாப்பிடுவேனா, தம்பி?" என்று அவர் கேட்டது, அந்த யாப்பைப் பற்றி நான் படித்த எந்த ஆய்வையும்விடத் தெளிவானது. பதிவு செய்த இந்திய வாக்காளரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரே அன்று வாக்களித்தனர். உள்ளே வா என்று அழைக்கப்பட்டும் வெளியே நிற்பவரோடு நின்ற அந்த மக்களை எண்ணி நான் பெருமைப்படுகிறேன்.

வெள்ளையர் அரசுக்கும் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் முதலிய கட்சிகளுக்கும் இடையே கெம்ப்டன் பார்க்கில் நடந்த பேச்சுவார்த்தைகளின் பயனாக உருவாகி, அந்த மூன்று சபைப் பாராளுமன்றத்தாலேயே 1993 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட இடைக்கால யாப்பு, 1994 ஏப்ரல் 27ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. டிரான்ஸ்கை முதலிய பகுதிகள் அன்றே நாட்டோடு மீண்டும் சேர்ந்தன. இடைக்கால யாப்பில் 34 கோட்பாடுகள் இணைக்கப்பட்டிருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை எழுதப்போகும் இறுதி யாப்பு அவற்றுக்கு இசைய வேண்டும், இசைகிறதா என்று புதிய அரசியலமைப்பு நீதிமன்றம் சான்று கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் முடிவுரை, பழிவாங்கல் வேண்டாம், புரிந்துணர்வு வேண்டும் என்று சொல்லி, பின்னர் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு வழி திறந்தது.

சிரில் ராமபோசா தலைமை தாங்கிய 490 பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவை 1996 மே 8ஆம் திகதி இறுதி யாப்பை ஏற்றது. செப்டெம்பர் 6ஆம் திகதி நீதிமன்றம் சான்று தர மறுத்துவிட்டது! மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை, மூன்றில் இரு பங்கைத் தாண்டிய பெரும்பான்மையோடு ஏற்ற யாப்பைத் திருப்பி அனுப்பும் துணிவு ஒரு நீதிமன்றத்துக்கு இருந்தது. கோபிக்காமல் அதைத் திருத்திக் கொடுக்கும் பண்பு பேரவைக்கும் இருந்தது. மாகாண அதிகாரங்கள், உரிமைப் பட்டயத்தைத் திருத்தும் முறை முதலியவற்றில் கண்ட குறைகள் ஒக்டோபரில் நீக்கப்பட்டன. டிசம்பர் 4ஆம் திகதி சான்று கிடைத்தது. இந்நாட்டு யாப்பு ஆவணங்களில் ஒன்றை மட்டும் படிக்க நேரமுண்டு என்று யாராவது கேட்டால், அந்த முதலாவது தீர்ப்பையே படிக்கச் சொல்வேன். காவலுக்கு ஆளில்லாமற் போன 29ஆம் பிரிவைப் பற்றி வருந்திய நம் ஆசிரியர் அதைப் படித்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்.

டிசம்பர் 10ஆம் திகதி ஜனாதிபதி மண்டேலா அதில் கையொப்பமிட்ட இடம் ஷார்ப்வில். 1960இல், கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்களில் 69 பேரைப் பொலிசார் சுட்டுக் கொன்ற ஊர் அது. வெரீனிகிங்கின் ஒரு பகுதியும் அதுவே. 1902இல் எந்த ஊரில் வாக்குரிமை ஒத்திவைக்கப்பட்டதோ, அந்த ஊரின் எல்லைக்குள்ளேயே அது முத்திரை பெற்றது. மறு ஆண்டு மார்ச்சில், பதினொரு மொழிகளில் எழுபது இலட்சம் பிரதிகள் நாடெங்கும் இலவசமாக வழங்கப்பட்டன. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சிறு புத்தகத்தின் 6ஆம் பிரிவில், மொழிச் சபை மேம்படுத்தி மதிப்பை உறுதி செய்ய வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழும் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரியை எதிர்வீட்டு ஆயாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். அவர் புத்தகத்தை வாங்கி, விரலை வைத்துத் தானே ஒருமுறை எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

எழுதியதைக் காப்பதற்கும் ஆள் இருந்தார்கள். டேர்பனில் ஒரு தமிழ் மாணவி பாடசாலை விதிக்கு மாறாக மூக்குத்தி அணிந்து பாடசாலைக்குப் போனதால் எழுந்த வழக்கு 2007 ஒக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் முடிந்தது. பெண் பிள்ளை பெரியவளானதும் மூக்குக் குத்துவது குடும்ப வழக்கம் என்று தாய் எடுத்துரைத்திருந்தார். மதம் கட்டாயப்படுத்தாவிடினும், ஒருவர் தாமாக விரும்பிக் கைக்கொள்ளும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று பிரதம நீதியரசர் லங்கா எழுதினார். இத்தகைய விலக்குகளைக் கேட்டு எல்லாரும் வரத் தொடங்கினால் அது அஞ்சத்தக்கதன்று, பன்மையின் ஊர்வலமே என்பது அவர் கருத்து. பாடசாலை தன் ஒழுக்கக் கோவையில் விலக்குக்கான ஏற்பாட்டைச் சேர்க்க வேண்டும் என்றும் தீர்ப்பு கட்டளையிட்டது.

நான் கற்பித்த பாடசாலையிலும் அதன் பின்னர் கோவை திருத்தப்பட்டது. அதை வரைந்த குழுவில் நானும் இருந்தேன். பெற்றோரையும் மாணவரையும் அழைத்துக் கேட்டு, யாருக்கு விலக்கு, யாரிடம் விண்ணப்பம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவது யார் என்று வரிவரியாக எழுதினோம். அந்த ஏற்பாட்டின் கீழ் எங்களுக்கு வந்த முதல் விண்ணப்பம் ஒரு சூலு மாணவனுடையது. வீட்டுச் சடங்கில் பலியிட்ட ஆட்டின் தோலால் செய்து மணிக்கட்டில் கட்டிய இசிபாண்ட்லாவை, அது தானாக அற்று விழும் வரை கழற்றக்கூடாது என்று அவன் எழுதியிருந்தான். குழு அன்று மாலையே கூடி, அனுமதி வழங்கியது.