தோளுக்குப் பின்னால் வரும் சைக்கிள்

நெதர்லாந்துக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலருக்கு ஒரு வினோதமான வசதி உண்டு. வெளிநாட்டு ஊழியர்களுக்கான வருமான வரிச் சலுகை கிடைத்துவிட்டால், ஊர் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு டச்சு லைசென்ஸை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். தேர்வே கிடையாது. வரிக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. வேலூரில் வாங்கிய என் லைசென்ஸும் அப்படித்தான் மாறியது. என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு கிளாஸ் போயிட்டு வாங்க, அப்புறம் குழந்தையை ஏத்துங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஐந்தோவனில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கியரைப் பற்றியோ பார்க்கிங்கைப் பற்றியோ அதிகம் பேசவில்லை. அவர் கவனமெல்லாம் என் கழுத்தின் மேல்தான். இங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். சைக்கிள் பாதை நமக்கும் வலப்புறம். வலதுபுறம் திரும்பினால் அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். நேராகப் போகும் சைக்கிளுக்குத் திரும்பும் கார் வழி விட வேண்டும் என்பது விதி. கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். நான் கண்ணை மட்டும் ஓட்டினால் பக்கத்திலிருந்து பிரேக்கை அமுக்கிவிடுவார். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. 2001 மே மாதத்திலிருந்து அது சைக்கிளுக்கும் பொருந்தும்.

இத்தனை கெடுபிடி ஏன் என்பது பிறகு ஒரு நண்பருக்கு நடந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவரும் நம்ம பக்கம்தான், ஆம்பூர்க்காரர். திருப்பத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் எதிர்த்திசையில் சைக்கிள் ஓட்டி வந்து அவர் கார் முன்னால் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, சக்கரம் கோணல். நண்பர் நடுங்கிப் போய் "அவன்தான் தப்பான பக்கம் வந்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பையனின் அப்பா வந்தார். கத்தவில்லை. ஐரோப்பா முழுக்கப் புழங்கும் விபத்துப் படிவத்தை எடுத்து பானெட் மேல் வைத்து இருவரும் நிரப்பினார்கள். கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். செலவு முழுவதையும் நண்பரின் இன்சூரன்ஸ் கொடுத்தது.

காரணம், நெதர்லாந்தின் 1994ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 185. மோட்டார் வண்டி ஒன்று சைக்கிள்காரர் மேலோ நடந்து போகிறவர் மேலோ மோதினால், நஷ்டத்துக்கு வண்டிக்காரர்தான் பொறுப்பு. 'தவிர்க்கவே முடியாத சூழ்நிலை, என் மேல் எள்ளளவும் குறையில்லை' என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றங்கள் அதை லேசில் ஏற்பதில்லை. அடிபட்டது பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் முழு இழப்பீடு. பெரியவர் என்றால், அவர் மேலேயே தவறு இருந்தாலும், குறைந்தது பாதி. வேண்டுமென்றோ அதற்கு ஈடான கண்மூடித்தனத்தோடோ வந்து விழுந்தால்தான் விலக்கு. இதற்கும் சிறைக்கும் சம்பந்தமில்லை. தண்டனை என்றால் ஓட்டுநரின் குற்றத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும். சைக்கிள்காரர்களும் ராஜாக்கள் அல்ல. சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம், 2019 ஜூலையிலிருந்து சைக்கிளில் போனைக் கையில் பிடித்தாலும் அபராதம்.

லீவுக்கு வேலூர் போனபோது தொரப்பாடியில் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் டாடா ஏஸ் வைத்து ராணிப்பேட்டைக்கு லோடு அடிக்கிறவர். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா நைனா இது, அவன் வந்து மோதுவான், நான் துட்டு குடுக்கணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நம்ம ஊர்த் தெரு நியாயமும் அதேதான். கிரீன் சர்க்கிளிலோ காட்பாடி ரோட்டிலோ சைக்கிள் மேல் வண்டி பட்டால், கூட்டம் முதலில் பிடுங்குவது பெரிய வண்டியின் சாவியைத்தான். யார் சிக்னல் மீறினார்கள் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. நம்மிடம் இல்லாதது அந்தப் படிவமும் அதற்குப் பின்னால் வரும் பணமும்தான். நம்ம ஊரில் எல்லாம் சாலையிலேயே பேசி முடிந்துவிடும்.

சித்தப்பாவின் வண்டியும் அப்படி ஒன்றில் மாட்டியிருந்தது. டிரைவர் இடதுபுறம் சந்துக்குள் திரும்பும்போது, ஓரமாக நேரே போய்க்கொண்டிருந்த கீரைக்காரப் பெரியவரைத் தட்டிவிட்டார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. கையில் மூவாயிரம் கொடுத்து, "கேஸு வேணாம் பெரியவரே" என்று முடித்தார்கள். பிறகு கையில் பிளேட் வைக்க ஆன செலவில் அந்தப் பணம் ஒரு மூலைக்குக் கூட வரவில்லை. கீரைக்கட்டு ஏற்றிய சைக்கிளை ஒற்றைக் கையால் ஓட்ட முடியாது, வியாபாரமும் போயிற்று.

நம் சட்டமும் இதில் ஒன்றும் மட்டமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் திருத்தியபோது பிரிவு 164ஐ மாற்றினார்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம். அது போதாது என்றால் அதற்குப் பதிலாகப் பிரிவு 166இல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் அங்கே ஓட்டுநரின் கவனக்குறைவை அடிபட்டவர்தான் காட்ட வேண்டும். போலீஸில் பதிவே இல்லை என்றால் இரண்டுமே சிரமம்.

"சித்தப்பா, மூணாம் நபர் இன்சூரன்ஸ் வருஷா வருஷம் கட்டுறீங்க இல்ல? அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"போலீஸு மடக்கினா காட்டறதுக்கு" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். அப்புறம் நிஜமான காரணத்தைச் சொன்னார்: "கேஸுன்னு போனா வண்டி ஸ்டேஷன்ல நிக்கும்டா. அத்தினி நாள் வாடகைய யாரு குடுப்பா? டியூவ யாரு கட்டுவா?"

நியாயமான கேள்விதான். ஐந்தோவன் நண்பர் அன்று சாயங்காலமே அதே காரில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வண்டி முடங்கும் என்ற பயம் இருக்கும்வரை, எந்தப் பிரிவை எப்படித் திருத்தினாலும் சித்தப்பா மாதிரி ஆட்கள் மூவாயிரத்தைத்தான் நீட்டுவார்கள்.

நான் கிளம்புவதற்குள் பெரியவரின் மகனைச் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் அனுப்பி வைத்தோம். ஆஸ்பத்திரி சீட்டுகளைப் பெரியவர் பத்திரமாக வைத்திருந்தார். இன்சூரன்ஸ் பேப்பரைச் சித்தப்பாவே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார், "என் பேரு வராம பாத்துக்கோ நைனா" என்று சொல்லிக்கொண்டே.