பெரியப்பாவின் சிற்றலைப் பதிவேடுகள்: ஒரு நாட்குறிப்பு

2024 மார்ச் 4, பட்டர்வொர்த்

பெரியப்பாவின் இறுதிச் சடங்குக்காக நிபோங் திபாலுக்கு வந்திருந்த உறவினர்களும் பழைய தோட்டத்து ஆட்களும் அவரைப் பற்றி ஏறத்தாழ ஒன்றையே சொன்னார்கள்: ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைக் கரையேற்றியவர், யாரிடமும் கடன் வைக்காதவர். ‘ரேடியோ பைத்தியம்’ என்ற பட்டத்தைச் சிரித்துக்கொண்டே கடைசியில் சேர்த்தார்கள். பதினாறாம் நாளுக்கு அச்சிடவிருக்கும் நினைவு அட்டைக்கு நான்கு வரி எழுதித் தரும்படி அண்ணன் என்னிடம் கேட்டிருக்கிறார். அந்தச் சிரிப்பை ஒட்டி எழுத எனக்கு மனமில்லை. அதனால் பெரியம்மாவிடம் சொல்லி, பெரியப்பா தாம் கேட்ட சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி நிலையங்களைக் குறித்துவைத்த பதிவேடுகளை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

மார்ச் 6

எல்லாம் பள்ளிக்கூடத்து நீளக் குறிப்பேடுகள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டுத் தேதி, கிரீன்விச் நேரம், கிலோஹெர்ட்ஸ், நிலையத்தின் பெயர் என்று பத்தி பிரித்திருக்கிறார். அடுத்த பத்தியில் ‘34333’ என்பதுபோல் ஐந்து இலக்கங்கள் இருக்கின்றன. ஒலியின் வலிமை, மற்ற நிலையங்களின் இடையூறு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத் தரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவது உலகமெங்கும் சிற்றலை நேயர்கள் பின்பற்றும் முறை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட மனிதர் கடைசிவரை இதைப் பிசகாமல் எழுதியிருக்கிறார்.

நேரக் கணக்கு இன்னும் கடினமானது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அந்நாளில் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடியது; 1982 ஜனவரி 1 அன்று அதை அரை மணி முன்தள்ளி எட்டு மணி நேரமாக்கினார்கள். அந்தத் தேதிக்கு எதிரே சிவப்பு மையில், “இனி 8 கழிக்கவும். பெரட்டுக்கு இன்னும் இருட்டில் போகவும்” என்று எழுதியிருக்கிறார். பெரட்டு என்பது வேலைக்கு முன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். அரசாங்கத்தைப் பற்றி அவர் எழுதியதாக நான் கண்ட ஒரே விமர்சனம் இதுதான்.

கடைசிப் பத்தியில் வானொலிக்குத் தொடர்பில்லாத சில சொற்கள் வருகின்றன: ‘மழை, வெட்டு இல்லை’, ‘இடி, கம்பி இறக்கியாச்சு’.

மார்ச் 9

பால்மரத்தைப் பொழுது விடியுமுன் வெட்டுவது ஏன் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். இரவெல்லாம் மரம் நீரை இழுத்து நிறைந்திருப்பதால், பட்டைக்குள் ஓடும் பால் குழாய்களில் அழுத்தம் அப்போதுதான் மிகுதியாக இருக்கும்; வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கியதும் அது தளர்ந்து, மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழும் பாலும் குறைந்துவிடும்.

சிற்றலையும் கிட்டத்தட்ட இதே பொழுதுக்குக் கட்டுப்பட்டது என்பது இந்தப் பதிவேடுகளைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது. வானில் மிக உயரத்தில் இருக்கும் மின்னேறிய அடுக்குகள் சிற்றலையைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகின்றன. சூரியன் எழுந்ததும் அவற்றுக்குக் கீழே, ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், இன்னோர் அடுக்கு உருவாகி, 60 மீட்டர், 49 மீட்டர் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே தொலைதூரத்து மெலிந்த நிலையங்களைப் பிடிக்க விரும்புகிறவர் விடியலுக்கு முன்பே எழுந்தாக வேண்டும். தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தின் கூரையிலிருந்து கொய்யாமரம் வரை இழுத்துக் கட்டிய செப்புக் கம்பியில், கிரீன்விச் நேரம் 21 மணிக்கு, 4915 கிலோஹெர்ட்ஸில் கானாவின் அக்ரா நிலையம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே இரவு ஒன்பது மணி. இங்கே, பழைய கணக்கில், அதிகாலை நாலரை. அதைக் கேட்டு முடித்துத்தான் உளியையும் பால் சுமக்கும் காண்டாவாளியையும் எடுத்திருக்கிறார்.

விடியலை ஒட்டிய சில நிமிடங்கள்தாம் கேட்பதற்கு மிகச் சிறந்தவை. அந்நேரத்தில் அவர் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அப்படியானால் ஆறு மணிக்கு மேற்பட்ட பதிவுகள் எப்படி வந்தன என்று தேடிப் பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எதிரே ‘வெட்டு இல்லை’ என்று இருக்கிறது. இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் பரவி வீணாகும் என்பதால் அன்று வேலை கிடையாது, கூலியும் கிடையாது. இடியில்லாத வெறும் மழையாக இருந்துவிட்டால் பெரியப்பாவின் பக்கம் நிரம்பிவிடும். தொலைபேசியில் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். “கூலி இல்லாத நாள்ல அவுங்க முகம் வாடவே வாடாது, எனக்குத்தான் வயிறு எரியும்” என்றார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் கோபம் இருந்தது, நியாயமான கோபம்தான்.

மார்ச் 10

அட்டைகளைப் பிரித்தேன். நாம் கேட்டதை எழுதி அனுப்பினால் நிலையங்கள் அதை உறுதிசெய்து அனுப்பும் க்யூ.எஸ்.எல். அட்டைகள் இவை. ஆங்கிலக் கடிதத்துக்குத் தோட்டத்து எழுத்தரான கிராணி ஒரு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துப் பார்த்து எழுதியே ரேடியோ ஆஸ்திரேலியா, ரேடியோ நெதர்லாந்து அட்டைகளைப் பெற்றிருக்கிறார். பீக்கிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கியது. பதிவேட்டில் அது அடிக்கடி வருகிறது, ஆனால் 1974இல் மலேசியா சீனாவுடன் தூதரக உறவு கொள்வதற்கு முந்தைய அட்டை ஒன்றுகூட இல்லை. கேட்பது வேறு, அங்கிருந்து தபால் வருவது வேறு என்று கிராணி எச்சரித்தாராம்.

மார்ச் 13

தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் இடிக்கப்பட்டு, வீடமைப்புக் குடியிருப்பான தாமானில் உள்ள வீட்டுக்கு வந்தபின் பதிவுகள் மெலிகின்றன. சுற்றிலும் உள்ள மின்சாதனங்களின் இரைச்சலே இதற்கு முதற் காரணம். மூன்றாம் இலக்கம் இரண்டைத் தாண்டவேயில்லை. பிறகு நிலையங்களே குறைந்தன. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31 அன்று சிற்றலையை நிறுத்தியது. நம் நேரப்படி நள்ளிரவுக்குக் கால் மணி முன்பு வந்துகொண்டிருந்த பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு ஏப்ரல் 30 அன்று முடிந்தது. மறுநாளும் அதே நேரத்தில் அதே அலைவரிசையைத் திருப்பி, ‘இல்லை’ என்று பதிந்திருக்கிறார்.

மார்ச் 14

அட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘பால்மரத் தொழிலாளி, சிற்றலை வானொலி நேயர்’ என்ற இரண்டும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சாவு வீட்டு அட்டையில் பொழுதுபோக்கு எதற்கு என்று அண்ணன் தயங்கினார். பெரியம்மாதான் குறுக்கிட்டு, படமும் ரேடியோவோடு இருப்பதையே போடச் சொன்னார். பேரன் பதிவேடுகளைக் கேட்கிறான். மழை மாதங்களுக்குரியவற்றைப் படியெடுத்துக்கொண்டுதான் கொடுக்கப்போகிறேன்.