முடிச்சு பார்க்கும் வேலை

பாறை ஏறக் கற்க இன்று புது பேட்ச், எட்டுப் பேர். பாறையைப் பார்த்ததும் அவர்களுக்குக் கை பரபரக்கிறது. என் கண் அவர்கள் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்று முடிச்சில் இருக்கிறது. எட்டு வடிவ முடிச்சில் இரண்டு கயிறும் பிசகாமல் இணையாக ஓட வேண்டும், நுனி ஒரு சாணாவது மிஞ்ச வேண்டும். தொட்டு, இழுத்துப் பார்த்த பிறகுதான் "ஏறும்மா" என்பேன்.

"தினமும் இதையே பார்க்குறீங்களே சார், சலிக்காதா?" என்று ஒரு பெண் கேட்டாள். லின் ஹில் கதையைச் சொன்னேன். உலகமே கொண்டாடும் பாறையேற்ற வீராங்கனை. 1989இல் பிரான்சில் முடிச்சைப் பாதியில் விட்டதை மறந்து ஏறிவிட்டார். மேலே போய்க் கயிற்றில் சாய்ந்ததும் 20 மீட்டருக்கு மேல் கீழே விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால்தான் பிழைத்தார். அப்பேர்ப்பட்டவருக்கே மறந்தது. கேட்டவள் குனிந்து தன் முடிச்சை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கயிறுகளை அங்குலம் அங்குலமாக விரல்களுக்கிடையே விட்டுத் தடவுவேன். சுமையைத் தாங்குவதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் நைலான் இழைகளுடையது. வெளி உறை பளபளவென்று இருந்தாலும் உள்ளே நைந்திருக்கலாம். இன்று ஒரு கயிற்றின் நடுவே விரல் சட்டென்று அமுங்கியது. மடித்தேன், காகிதம்போல் மடிந்தது. நல்ல கயிறு வளையும், இப்படி மடியாது. இரண்டு வருடம் எத்தனையோ பேரைத் தாங்கிய கயிறு, மனசு கேட்கவில்லை. ஆனாலும் அங்கேயே வெட்டிவிட்டேன்.

நல்ல பகுதியில் இரண்டு மீட்டர் மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அந்தப் பெண் முடிச்சுப் போட்டுப் பழகட்டும்.