ஏற்றப்பாட்டில் வந்த இரட்சகர்

கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எழுதிய நூல்களின் பெயர்களைப் படித்தாலே போதும், அந்த மனிதரின் விசுவாசம் எங்கெல்லாம் நடமாடியது என்று தெரிந்துவிடும். ஞானக்கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், பெத்லகேம் குறவஞ்சி. பெண்கள் கைகொட்டிச் சுற்றிவரும் முற்றம், தண்ணீர் இறைக்கும் கிணற்றடி, உளிச் சத்தம் கேட்கும் தச்சுப்பட்டறை, விடிய விடியக் கூத்து நடக்கும் திடல். இத்தனை இடத்திலும் ஆண்டவருக்குப் பாட்டு இருக்கிறது என்று அவர் நம்பினார். அவர் படித்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக உண்டு. இந்த மாசியில் மனைவியோடு புறப்பட்டேன்.

மாசியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜெர்மானிய மிஷனரிகளான தரங்கம்பாடியின் சீகன்பால்கு ஐயர் 1719 பிப்ரவரி 23 அன்றும், தஞ்சையின் சுவார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரி 13 அன்றும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். இந்த இருவரும் இல்லாமல் சாஸ்திரியாரின் பாட்டு இல்லை.

மயிலாடுதுறையில் இறங்கி, செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். பக்கத்தில் இருந்த ஒருவர், நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, "வேதநாயகரா? அவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர் அல்லவா?" என்றார். பலருக்கும் வரும் குழப்பம்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826இல் பிறந்தவர், தமிழின் முதல் நாவலை எழுதியவர், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைத் தந்தவர். சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1864 வரை வாழ்ந்தார். இருவருமே கிறிஸ்தவர்கள், இருவருமே கீர்த்தனை எழுதியவர்கள். காவிரிக் கரையின் பாட்டு வளம் அப்படி. அபிராமிபட்டர் அந்தாதி பாடிய திருக்கடையூரைக் கடந்துதான் தரங்கம்பாடிக்கே போக வேண்டியிருக்கிறது.

தரங்கம்பாடி ராஜ வீதியில் இருக்கிறது புதிய எருசலேம் ஆலயம். 1707இல் கட்டிய முதல் ஆலயம் கடலுக்குப் போய்விட, 1718இல் இதைக் கட்டினார்கள். முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடச் சின்னமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிலுவை வடிவக் கட்டடம். உள்ளே பீடத்தருகே சீகன்பால்கு ஐயரின் கல்லறை. 1706 ஜூலையில் கரையிறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை, மறையும்போது 36. இடையில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் தமிழ் கற்ற விதம்தான் என்னை எப்போதும் அசைப்பது. ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். உபதேசிக்க வந்தவர் முதலில் மாணவனாக உட்கார்ந்தார். இரண்டே வருடங்களில் உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் ஜெர்மன் மொழியில் பெயர்க்கும் அளவுக்கு வளர்ந்தார். சிறு பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால் பரலோக ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள் என்ற வசனத்தைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். விரல் நுனியில் மணல் ஒட்டிய ஓர் இளைஞனாக அது கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் கல்லறையருகே நின்றபோதுதான்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் முதலில் ஒரு ஞானப்பாட்டு. ஜெர்மன் மெட்டில் தமிழ்ச் சொற்களைப் பொருத்திய பாட்டு அது. குறில் நீண்டு, நெடில் இன்னும் நீண்டு, கனமாக, நிதானமாக நகரும். தமிழுக்கு ஒட்டாத மெட்டு என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். முந்நூறு வருடங்களாக நம் முன்னோர் அழுதும் மகிழ்ந்தும் பாடிய மெட்டு நம்முடையதும்தான். ஆனால் அடுத்து ஆர்மோனியமும் தபலாவும் சேர்ந்து ஒரு கீர்த்தனையை எடுத்தபோது ஆலயத்தில் ஏதோ ஒன்று மாறியது. அதுவரை புத்தகத்தில் இருந்த தலைகள் நிமிர்ந்தன. கைகள் தாமாகத் தாளம் போட்டன.

எனக்கு முன்வரிசையில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மா. கையில் புத்தகம் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஆறு சரணங்களையும் ஒரு சொல் பிசகாமல் பாடினார். சரணத்துக்குச் சரணம் பாவம், பயம், மரணம் என்று பாட்டு இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பினார். திரும்பும்போதெல்லாம் வலது கை முழங்கால்மேல் சற்று ஓங்கி விழுந்தது, தாளத்தின் முதல் தட்டான சமத்துக்கு வந்து சேர்ந்த நிம்மதியோடு. எந்த இருட்டுக்குள் போனாலும் தொடங்கிய துதிக்கே திரும்பி வந்தாக வேண்டும் என்பது கீர்த்தனையின் இலக்கணம். சங்கீதக்காரன் தாவீதும் அப்படித்தான். ஏன் கைவிட்டீர் என்று தொடங்குகிற இருபத்திரண்டாம் சங்கீதத்தில்கூட அவன் துதிக்கு வந்து சேராமல் விடுவதில்லை. துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் "துதியுங்கள்" என்று வாயால் சொல்வது கொடுமை. ஒரு கீர்த்தனையை அவரோடு சேர்ந்து பாடினால் பல்லவியே அவரைக் கைப்பிடித்து அழைத்துவரும்.

ஆராதனை முடிந்து அந்த அம்மாவிடம், "எந்த வயதில் கற்றுக்கொண்டீர்கள் அம்மா?" என்று கேட்டேன்.

"யார் கற்றுக்கொடுத்தார்கள் தம்பி? என் ஆத்தாள் ஆட்டுரலில் மாவு ஆட்டும்போது பாடுவாள். நான் அரிசி தள்ளிவிட்டுக்கொண்டே பாடுவேன். மாவு முடிகிறபோது பாட்டும் முடியும்" என்றார்.

இந்தத் தரங்கம்பாடியில்தான் சாஸ்திரியாரும் படித்தார். பன்னிரண்டு வயதில் அவரைத் திருநெல்வேலியிலிருந்து தஞ்சைக்கு அழைத்துவந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். பிறகு கல்விக்காக இங்கே அனுப்பினார். வேதசாஸ்திரத்தோடு கணிதமும் வானசாஸ்திரமும் படித்துத் திரும்பிய இளைஞர், தஞ்சையில் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். 1800இல் பெத்லகேம் குறவஞ்சி. அதில் தேவமோகினி பெத்லகேம் நாதரை எண்ணி ஏங்குகிறாள். குறி சொல்ல வருகிற குறத்தியோ விசுவாசம். தலைவி, குறத்தி, சிங்கன் எல்லாம் தமிழர் ஏற்கெனவே விரும்பிப் பார்த்த கூத்தின் ஆட்கள். சொல்ல வந்த காதல் மட்டும் புதிது.

தஞ்சையில் எங்களை நிறுத்திய இடம் பெரிய கோயிலுக்கு அடுத்த சிவகங்கைக் குளக்கரை ஆலயம். 1779இல் சுவார்ட்ஸ் ஐயர் கட்டியது. உள்ளே, லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேன் செதுக்கிய பளிங்குச் சிற்பம்: மரணப்படுக்கையில் ஐயர், அவர் கையைப் பற்றியபடி இரண்டாம் சரபோஜி மன்னர், அருகில் பள்ளிச் சிறுவர்கள். செய்யச் சொன்னவர் சரபோஜிதான். கடைசிவரை தம் சைவத்தில் நின்ற மன்னர், தம்மை வளர்த்த போதகருக்குச் செய்த மரியாதை. சாஸ்திரியாரும் சரபோஜியும் அந்த ஒரே மனிதரின் நிழலில் வளர்ந்தவர்கள். பின்னாளில் இவர் அவருடைய அரண்மனையின் ஆதரவைப் பெற்ற கவிஞர். அந்தச் சிறுவர்களின் முகங்களையே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் மனம் கிடந்தது ஏற்றப்பாட்டில். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் ஏற்றம் மிதித்தவர். நான் சிறுவனாக இருந்தபோது மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் பழைய ஏற்றமரம் கிணற்றடியில் கிடந்தது, தாத்தா அதன்மேல் நின்று எங்களுக்குக் காட்டுவார். மேலே மரத்தின்மீது முன்னும் பின்னும் நடப்பவர் ஒருவர். கீழே கிணற்றோரம் நின்று, சால் எனப்படும் இறைகலத்தை இழுத்துத் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்ப்பவர் இன்னொருவர். கீழே நிற்பவர் ஓர் அடி பாடுவார், மேலே இருப்பவர் வாங்கிப் பாடுவார். ஒரு சாலுக்கு ஓர் அடி. எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே ஓடும். பிள்ளையாரையோ ஆண்டவரையோ கும்பிட்டுத்தான் முதல் சால். பாட்டு நின்றால் மிதிப்பவர் கால் தடுமாறும். ஓர் ஏற்றக்காரன் பாதியில் விட்ட பாட்டின் மீதி அடிக்காகக் கம்பரே மறுநாள் வரை காத்திருந்தார் என்று கதை சொல்கிறோமே, அந்தப் பாட்டு.

மேலே நடப்பவருக்குத் தண்ணீர் தெரியாது. வயல் நனைவதையும் அவர் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிவது காலடியில் மரமும் காதில் கூட்டாளியின் குரலும் மட்டுமே. அந்தக் குரலை நம்பி விடியற்காலையிலிருந்து மிதிக்கிறார். இரட்சிப்பின் ஊற்றுகளிலிருந்து மகிழ்ச்சியோடே தண்ணீர் மொள்ளச் சொன்ன ஏசாயாவும், யாக்கோபின் கிணற்றருகே களைத்து உட்கார்ந்த நம் ஆண்டவரும் சாஸ்திரியாருக்கு அந்தக் கிணற்றடியிலேயே கிடைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தாத்தா ஜெபத்தில் அதிகம் பேசமாட்டார். "ஆண்டவரே, நீர் பாடும், நான் மிதிக்கிறேன்" என்பது அவர் ஜெபத்தில் அடிக்கடி வரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1820களில் தஞ்சைச் சபைக்கும் புதிதாக வந்த மிஷனரிகளுக்கும் பெரிய பிணக்கு மூண்டது. தமிழ்ப் பாட்டும் பூமாலையும் போன்ற வழக்கங்கள் சபைக்கு ஆகாது என்றார்கள் அவர்கள். சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்து எழுதினார். முதல் வழக்கில் அவர் செய்தது நமக்குக் கிடைத்த பேறு. அவர் விட்டுக்கொடுத்திருந்தால் அந்த அம்மாவின் ஆட்டுரலில் கீர்த்தனை ஏறியிருக்காது. இரண்டாவதில் அவர் செய்தது தவறு. காலம் அப்படி என்று சொல்லி நான் அதைக் கடந்துபோக மாட்டேன். வெயிலில் ஏற்றம் மிதித்தவர்களின் மெட்டைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்தவர், மிதித்தவர்களில் பலரைத் தம் பக்கத்தில் உட்கார விடாத வழக்கத்துக்கு நியாயம் பேசினார். பாட்டு அவரைவிட முன்னால் போய்விட்டது. அந்தப் பாட்டைப் பாடுகிற நாம் அவர் நின்ற இடத்தில் நிற்க முடியாது. நம் சபைகளின் தேர்தல்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் இன்னும் அந்தச் சுவர் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

தஞ்சையிலிருந்து திரும்பும் ரயிலில் மனைவி கேட்டாள்: "நம் சபை அறுப்பின் பண்டிகையில் யாராவது நடவுப்பாட்டு பாடியிருக்கிறார்களா?" யோசித்துப் பார்த்தேன். பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியும் ஏலத்துக்கு வரும். விளைவித்தவர்களின் குரல் மட்டும் வந்ததில்லை. கீபோர்டும் ஒலிபெருக்கியும் அன்றைக்குக் கொஞ்சம் அதிகச் சத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

வந்த வாரமே பாடகர் குழுவில் பேசினேன். எங்கள் சபையில் வயலில் வேலை செய்த மூன்று பாட்டிமார் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஏற்ற மெட்டும் நினைவிருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் இளைஞர்கள் அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள். ஞான ஏற்றப்பாட்டை அந்த மெட்டில் பழகுகிறோம். இந்த ஆண்டு பண்டிகையில் அந்தப் பாட்டிமார் முன்வரிசையில் நின்று முதல் அடியை எடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. உங்கள் ஊரில் பழைய ஏற்ற மெட்டு தெரிந்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே போய்க் கேட்டு வாருங்கள்.